விரலில்லாத வீரர்

காட்டுக் கராத்தே பள்ளியில் கழுதையின் உதைக்கு எதிரே நிற்க ஆளில்லை. அதனால், உடும்பு தினமும் ஈரமணலைப் பிசைந்து விரல்களுக்குப் பயிற்சி கொடுப்பதைப் பார்த்தால் கழுதைக்குச் சிரிப்பு தாங்காது.

"என்ன உடும்பாரே, பரோட்டாவுக்கு மாவா?"

"விரல் தளர்ந்தா குத்தும் தளரும், பிடியும் தளரும் அண்ணே."

"விரலே இல்லாமத்தானே நான் எல்லாரையும் ஜெயிக்கிறேன்!"

கறுப்பு பெல்ட் போட்டி வந்தது. கழுதை உதைத்தது. உடும்பு சட்டென்று விலகி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டது. கழுதை உதறியது, உருண்டது, ஊரே கேட்கக் கத்தியது. பிடி தளரவில்லை. கடைசியில், "தோத்துட்டேன், விடுங்க சாமி!" என்று கெஞ்சியது.

பெல்ட் உடும்பின் இடுப்புக்குப் போனது. நொண்டிக்கொண்டே வெளியே வந்த கழுதை, விசாரித்தவர்களிடம் பெருந்தன்மையோடு விளக்கியது: "அது கராத்தேயே இல்லைங்க. வெறும் பிடிவாதம்."