ரங்கூன் ஜாடி

"அந்த நாத்தம் பிடிச்ச ஜாடியைக் குடு. உய்யக்கொண்டான் வாய்க்கால்ல போட்டுட்டு வரேன்" என்று சவரிமுத்து மறுபடியும் எழுந்தார்.

"தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். ரங்கூன்லேர்ந்து வந்ததுல மிச்சம் இது ஒண்ணுதான்" என்றாள் அவர் மனைவி அக்னஸ்.

ஜாடிக்குள் இருந்தது நப்பி, பர்மாக்காரர்கள் குழம்பில் கரைக்கும் மீன் விழுது. இவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் கப்பலில் வந்தவர்கள். வருஷம் ஒன்றாகியும் காட்டூர் வீடு முழுக்க அந்த வாடைதான்.

மகன் பிலோமின்ராஜ் சினிமா கேமராவோடு குறுக்கே வந்தான். சொந்தக் குடும்பம் பர்மாவை விட்டு வந்த கதையைத்தான் டாகுமெண்டரியாக எடுக்கிறான். கேமரா சிநேகிதன் கொடுத்த இரவல் என்று சொல்லியிருந்தான்.

"சண்டை வேணாம். அப்பா, துறைமுகத்துல நடந்ததைச் சொல்லுங்க."

சவரிமுத்துவுக்கு உடனே கண் கலங்கிவிட்டது. மனுஷர் நாடகத்துக்குப் போயிருக்க வேண்டியவர்.

"என்னத்தைச் சொல்ல! கழுத்துல கிடந்தது, பெட்டியில இருந்தது, எல்லா நகையையும் சுங்கக்காரனுங்க உருவிட்டானுங்க. கட்டின துணியோட கப்பல் ஏறினோம்."

கதவோரம் நின்ற மகள் லூர்து மூக்கை உறிஞ்சினாள். அது நடிப்பல்ல. சாயங்காலம் பாலக்கரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். நகை போடுவீர்களா, மாட்டீர்களா என்று இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் சம்பந்தம் இல்லை.

பெண் அழுவதை அக்னஸால் தாங்க முடியவில்லை.

"ஏன்டா, இதுல பேச்சு பதியாதுன்னியே, நெசமா?"

"படம் மட்டும்தாம்மா."

"அப்ப ஓட்டு. லூர்து, அழாம இங்க வா."

அக்னஸ் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜாடி முன்னால் உட்கார்ந்தாள்.

"கழுத்துல கிடந்ததைத்தான்டி அவனுங்க எடுத்தானுங்க. பெட்டியில இருந்த ஆரத்தையும் வளையலையும் நான் இதுக்குள்ள முக்கிட்டேன். மூடியைத் திறந்தவன் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிட்டான்! உங்கப்பாகிட்ட சொல்லியிருந்தா இந்நேரம் அதையும் வித்து சோடாக் கம்பெனி வச்சிருப்பாரு."

முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். அடி வரைக்கும் போய் வழித்துப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"எங்கேங்க என் ஆரம்?"

சவரிமுத்து காலால் செருப்பைத் தேடிக்கொண்டே, ஓடிக்கொண்டிருந்த கேமராவைக் கண்ணால் காட்டினார்.

"அது எங்கேயும் போகலை அக்னஸ். இவ்வளவு நேரமா உன்னையேதானே பார்த்துக்கிட்டு இருக்கு!"