சக்கரவர்த்தியின் கதவு

'கர்ர்ர்...'

கல்லைத் தரையில் இழுப்பது போலச் சத்தம். மகளை அணைத்துக்கொண்டு எழும்பினேன். "மாதாவே!" கொன்வென்ற்றில் படித்த பழக்கம்.

"இஞ்சேருங்கோ, பேஸ்மென்ற்றிலதான். இண்டைக்கும்!"

"சீனத்து ராசா பின்னால வந்திட்டாராக்கும்." என் கணவர் பிரவீனன் கொட்டாவி விட்டார்.

பெய்ஜிங் போய் வந்து ஒரு கிழமைதான். மிங் சக்கரவர்த்தியின் கல்லறையில் நான் நடுங்கியது அவருக்குப் பகிடி. நடுங்காமல் என்ன செய்ய? படி இறங்க இறங்கக் குளிர். பூமிக்கடியில் ஓர் அரண்மனை. அதற்கு வெண்பளிங்குக் கதவு. யானை முட்டினாலும் அசையாது. அது உட்பக்கமாகப் பூட்டியிருந்ததாம். உள்ளே இருந்ததோ பிரேதம் மட்டும்! வெளியே நின்று கதவை இழுத்துச் சாத்த, உள்ளே சாய்த்து வைத்த கல் தானாகச் சரிந்து முட்டுக்கொடுக்குமாம். முந்நூறு வருடத்துக்கு மேல் ஒருவரும் திறக்கவில்லை.



கனடாவில் மார்க்கம் நகரத்து வீட்டுக்குத் திரும்பி வந்ததும் நிரோஷினிக்குப் படம் காட்டினேன். மட்டக்களப்பிலிருந்து படிக்க வந்த பிள்ளை; எங்கள் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கிறாள். மற்றப் படங்களை விட்டுவிட்டு அந்தக் கதவையே பார்த்தாள்.

"அப்ப வெளியில இருந்து ஒருத்தராலயும் திறக்கேலாதா அக்கா?"

"ஏலவே ஏலாது!" என்றேன், நானே கட்டினது போல.

அன்றிரவுதான் சத்தம் தொடங்கியது.

"ஒவ்வொரு இரவும் உவள் என்னவோ செய்யிறாள். குழந்தை இருக்கிற வீடு. நாளைக்கே வீட்டை விட்டு எழுப்பிவிடுங்கோ," என்றேன்.

"முதல்ல போய்ப் பாப்பம்."

அவள் போய்வருவது பக்கவாசலால். வீட்டுக்குள்ளிருந்து கீழே இறங்கும் படியடியில் இருக்கிற கதவுக்கு எங்கள் பக்கம் தாழ்ப்பாள். அதை நீக்கித் தள்ளினேன். அசையவில்லை.

"நிரோஷினி! திற பிள்ளை!"

மறுபடி 'கர்ர்ர்'. அலுமாரியை இழுத்து விலக்கிவிட்டு, முகம் வெளிறி நின்றாள்.

"ஏன் பிள்ளை, ஆருக்குப் பயந்து இதை முட்டுக்கொடுக்கிறீர்?" என்றார் இவர்.



"என்ர பக்கம் பூட்டு இல்லை அண்ணை. உடுப்புத் தோய்க்கிற மெஷின் இங்க இருக்கெண்டு அக்கா தட்டாமலே வருவா. நீங்களும்..."

அவள் குடிவந்த அன்று, முன்பின் தெரியாத ஆள் என்று பயந்து தாழ்ப்பாள் போடச் சொன்னவள் நான். எங்களையும் அவளுக்கு முன்பின் தெரியாது என்பது என் புத்தியில் படவேயில்லை.

அடுத்தநாள் இவர் அவள் பக்கமும் ஒரு தாழ்ப்பாள் பொருத்திவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

அவள் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை. எங்களுக்கு மரியாதை பார்த்துத் தயங்குகிறாள்.

"பூட்டம்மா," என்றேன்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.