ஏழு ஹேர்பின்கள்

ஸ்கேன் அறைக்குள் இரும்பு ஆகாது என்றதும் சுகந்தி தன் கொண்டையிலிருந்த ஹேர்பின்களை ஒவ்வொன்றாக உருவித் தம்பி தனபாலனின் உள்ளங்கையில் வைத்தாள். ஏழு பின்கள். "தொலச்சிராதடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பலவித மனநோய் உள்ளவர்களின் மூளையைப் படமெடுத்து ஒப்பிடும் ஆராய்ச்சி அது. "வியாதிக்குத்தான் பேரு வேற வேற. மூளையில மெலிஞ்சு போற இடம் பல பேருக்கு ஒண்ணாவே இருக்கு. கூடப் பொறந்தவங்க படமும் வேணும்" என்று சுகந்தியின் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் கேட்டபோது தனபாலன்தான் முந்திக்கொண்டு சரி என்றான்.

அவன் வராந்தாவில் காத்திருக்கையில், அவனுக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணின் சித்தப்பா முழங்கால் ஸ்கேனுக்காக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெண் வீட்டாரிடம் அவனை ஒரே பிள்ளை என்றுதான் அவன் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள்.

"என்ன மாப்ள, இங்க?"

"ஆபீஸ்ல ஒருத்தருக்குத் துணையா வந்தேன் மாமா." பின்கள் இருந்த கையை அவசரமாகப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

நிமிர்ந்தபோது ஸ்கேன் அறைக் கதவு திறந்திருந்தது. கூந்தல் தோளில் அவிழ்ந்து கிடக்க அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவனுடைய காது மடல்கள் சுட்டன. அவள் அவனைத் தாண்டிப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நர்ஸ் பட்டியலோடு அவளிடம் வந்தாள். "உங்க தம்பி வந்திருக்காரா? அடுத்து அவரு உள்ள போகணும்."

சித்தப்பாவும் திரும்பிப் பார்த்தார். பைக்குள் இறுக மூடியிருந்த கையில் ஏழு பின்களும் குத்தின.

"யாரும் வரல சிஸ்டர்" என்றாள் சுகந்தி, அவிழ்ந்த முடியை ஒரு கையால் அள்ளிப் பிடித்தபடி. "ஒரு ரப்பர் பேண்ட் இருந்தா குடுங்களேன்."