மடிக்கணினியின் அடிப்பக்கம்

கடைசி ஸ்க்ரூ மட்டும் வர மறுத்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை அழுத்தித் திருகினாள். வந்துவிட்டது.

கழற்றிய ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் ஒரு வெள்ளைக் காகிதத்தில், அது எந்த மூலையில் இருந்ததோ அதே மூலையில் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். அவள் கணவன் நயினார் அப்படித்தான் செய்வான். கல்யாணமான புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. போன ஐப்பசியில் அவன் போய்விட்டான்.

அவனுடைய சின்ன மடிக்கணினி மேசையில் குப்புறக் கிடந்தது.

பதினோரு மணிக்கு இன்டர்வியூ. இதற்கு முந்தைய இரண்டிலும் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே இது கொதித்து அணைந்துபோனது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, திரும்பக் கூப்பிடவில்லை. கடையில் இரண்டு நாள் விட்டுப் போகச் சொன்னார்கள். அவளிடம் இரண்டு நாள் இல்லை. உள்ளே போடுகிற குட்டி ஃபேனை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அண்ணன் மதுரையிலிருந்து வந்து அவளைக் கூட்டிப்போய்விடுவார். முடிவாகச் சொல்லிவிட்டார்.

அப்புறம் இந்த வீட்டில் மாமனார் ஒற்றை ஆள்.

அவர் பூஜையறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் துண்டு. பூஜைக்கு நேரமாகிவிட்டது. உள்ளே போக மனமில்லை.

“சரியாயிருமாம்மா?”

“பாப்போம் மாமா.”

அடிமூடியை நெம்பித் தூக்கினாள்.

முதலில் வந்தது வாசனைதான்.

கருகல் வாசனை இல்லை. கோயில் வாசனை.

ஃபேனின் இறகுகளுக்கு இடையே ஏதோ அப்பிப்போய் இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். மாவு மாதிரி உதிர்ந்தது.

விபூதி.

கழற்றிய மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். காற்றுப் போகிற சந்துகளின் மேலேயே மங்கலாக மூன்று கோடுகள். மூன்று விரலுக்கு வாகான இடம். இடம் தேர்ந்தெடுப்பதில் குறையே சொல்ல முடியாது.

அவள் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து மாமா இட்டிருக்கிறார். மேல்மூடியில் இட்டால் அவள் கண்ணில் படும். அதனால் அடியில். தினமும்.

அவளுக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. இரண்டு வேலை போயிருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறார். மெஷின்தான் தாங்கவில்லை.

பழைய ஃபேனைக் கழற்றி, இன்னொரு காகிதத்தின் மேல் வைத்துத் தட்டினாள்.

பொடி கொட்டியது. வெள்ளைக்கு நடுவே சிவப்பு.

குங்குமம்.

நயினார் போனதற்குப் பிறகு அவளிடம் வரும் பூஜைத் தட்டில் குங்குமக் கிண்ணம் இருப்பதில்லை. யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் மாமாவே அதை எடுத்துத் தனியாக வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் வைத்தார்.

அவளுக்கு இட முடியாததை இதற்கு இட்டிருக்கிறார்.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். செம்பருத்தித் தூரில், யார் காலும் படாத இடமாகப் பார்த்துக் கொட்டினாள். குப்பைக்கூடை பக்கத்திலேயேதான் இருந்தது.

திரும்பி வந்து புது ஃபேனைப் பொருத்தினாள். வயரைச் செருகினாள்.

“எதனாலம்மா கெட்டுப்போச்சு?”

“தூசி மாமா. அவ்வளவுதான்.”

“தூசியா? நாந்தான் தெனமும் தொடச்சு...”

நிறுத்திக்கொண்டார். தோளில் இல்லாத துண்டைத் தேடினார். சட்டென்று பூஜையறைக்குள் போய்விட்டார்.

அவள் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் மாட்டினாள். காகிதத்தில் எதுவும் மிச்சமில்லை. அதுவே பெரிய விஷயம்.

நிமிர்த்தி வைத்து பட்டனை அழுத்தினாள்.

லேசான இரைச்சல். பக்கவாட்டுச் சந்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காற்று வந்தது. சூடில்லை.

உள்ளே மணிச் சத்தம் நின்றது. மாமா தட்டோடு வெளியே வந்தார்.

இன்றைக்கு அவள் விடிவதற்கு முன்பே குளித்தாயிற்று. எழுந்து போகமாட்டாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். பார்வை மேசைக்குப் போய்த் திரும்பியது.

மடிக்கணினிக்குக் கொண்டுவருகிற தட்டு அது. இரண்டு கிண்ணமும் இருந்தன.

அவள் எழுந்தாள். மேசைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“எனக்கு வச்சு விடுங்க மாமா.”

குனிந்து நெற்றியைக் காட்டினாள்.

அவர் விபூதியைத் தொட்டு இழுத்துவிட்டார். பழக்கப்பட்ட கை. கோணவில்லை.

இழுத்த கை தட்டுக்குத் திரும்பியது. குங்குமக் கிண்ணத்துக்கு மேலே வந்து நின்றது.

அவள் குனிந்த தலையை எடுக்கவில்லை.