குடத்தைக் கழற்றிய வித்தை

காலையிலிருந்து போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். அசைந்து கொடுக்கவில்லை. சோறு தின்றுவிட்டு வந்து தெம்பாக அடிக்கச் சொன்னாள் என் மனைவி வேளாங்கண்ணி.

அடி வாங்கியது ஆள் இல்லை. பத்திரம் பதியும் நொத்தேர் லூர்துநாதனின் பழைய காரில் பின்சக்கரத்தைத் தாங்கும் குடம். அச்சின் நுனியில் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அதைக் கழற்றினால்தான் உள்ளே தேய்ந்த பேரிங்கை மாற்ற முடியும்.

'எந்தக் காரானாலும் இங்கே சரியாகும்' என்று நெல்லித்தோப்பில் பலகை எழுதி மாட்டியவன் நான்தான். எழுதும்போது கொஞ்சமாவது யோசித்திருக்கலாம். பட்டறைக்கு வந்த முதல் காரே இது. குடம் கழன்றால் சிநேகிதர்களின் கார்களையும் என்னிடமே அனுப்புவதாக நொத்தேர் சொல்லியிருந்தார். சாயந்திரத்துக்குள் கழலாவிட்டால் வண்டி சாமிக்கண்ணு பட்டறைக்குப் போய்விடும். என் பலகை அடுப்புக்குப் போய்விடும்.

மண்ணெண்ணெய் ஊற்றினேன், ஊதுவிளக்கால் சுட்டேன், மாதாவை வேண்டிக்கொண்டேன். பிடித்துக்கொண்டது என் முதுகுதான். கடைசியில் வெறுத்துப்போய், அச்சு நட்டைப் பாதி தளர்த்தியபடியே விட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியைக் கீழே இறக்கினேன். சாமிக்கண்ணுவே இழுத்துப் போகட்டும் என்று சாப்பிடப் போனேன்.

சாப்பிட்டதும் கண் அசந்துவிட்டது. மத்தியானத்தில் இந்த ஊர்க் கோர்ட்டு கச்சேரியே தூங்கும், நான் எம்மாத்திரம்? எழுந்து வந்து பார்த்தால் பட்டறையில் கார் இல்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களை எல்லாம் விசாரித்தபடி தெருத்தெருவாக ஓடினேன். பெரிய வாய்க்கால் ஓரத்தில் கார் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. எவனோ ஓட்டி வந்து, சக்கரம் கழன்றதும் அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறான்.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கார் ஓடிய ஓட்டத்தில் தளர்ந்த நட்டு எங்கோ விழுந்து, சக்கரத்தோடு சேர்ந்து அந்தப் பாழாய்ப்போன குடமும் கழன்று வந்திருந்தது.

சந்தோஷத்தில் அழுகையே வந்தது. பம்பரில் பச்சை வர்ணம் பூசிய மரச்சட்டம் ஒன்று செருகிக் கிடந்தது. அடுப்புக்காவது ஆகும் என்று உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கச்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்த நொத்தேர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கீழே கிடந்த குடத்தைப் பார்த்தார். எப்படிக் கழன்றது, கார் ஏன் இங்கே நிற்கிறது என்று கேட்டார். திருட்டுப் போனது என்று சொன்னால் என்னை நம்பி எவன் வண்டி விடுவான்?

"அது ஒரு வித்தைங்க முசியே. நட்டைத் தளத்திட்டு நாலு தெரு வேகமா ஓட்டினா தானாக் கழண்டுக்கும். நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

நொத்தேர் என் தோளில் தட்டினார். சிநேகிதர்களின் கார்களும் இனி என்னிடம்தான் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். இதைக் கேட்டால் சாமிக்கண்ணுவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்து, இந்தக் காரை ஓட்டி வந்தது யார் என்று கேட்டார். நம் புகழ் அதற்குள் பரவிவிட்டது போலிருக்கிறது என்று ஓர் அடி முன்னால் போய் நின்றேன்.

"நான்தாங்க. இந்தத் தெகிரியம் வேற யாருக்கு வரும்?"

அவர் என் கக்கத்தையே பார்த்தார்.

"அப்ப வா, போவலாம். ஜட்ஜு தொரை வீட்டு கேட்டுல பாதி அங்க ரோட்டுல கெடக்கு, மீதி உன் கக்கத்துல இருக்கு."