ஹாரன் அடிக்கும் வரை

“நாலு வரி எழுதி எடுத்துக்கினு போங்க” என்றாள் என் மனைவி பச்சையம்மா. “மைக்கைப் பார்த்தா எனக்குத் தானா வரும்” என்று கணியம்பாடியில் வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

எண்பத்தொன்றில், மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் முதியோர் கல்வித் தொடக்க விழா. வாத்தியார் காசி மைக்கை நீட்டினார். “அஞ்சு மணிக்குக் கடைசி பஸ்ஸு சார். ஹாரன் அடிக்கிற வரிக்கும் பேசுங்க.”

“ஒரு மணி நேரம்தானா?” என்றேன்.

நாலேகாலுக்கே சரக்கு தீர்ந்தது. படிப்பின் பெருமையை மூன்றாம் முறை சொன்னேன். என் கல்யாணக் கதையைச் சொன்னேன். கணக்கில் இரண்டு முறை ஃபெயிலானதையும் சொல்லிவிட்டேன். ஐந்தரை ஆகியும் ஹாரன் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒருவராவது எழுந்து போனால் அதைச் சாக்கிட்டு முடிக்கலாம். பாவிகள், அசையவில்லை! முன்வரிசையில் கம்பளி போர்த்தியிருந்தவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பதினோராம் வாய்ப்பாட்டைத் தொடங்கினேன்.

கம்பளிக்காரர் எழுந்தார். “இன்னும் எவ்ளோ நேரம் பேசுவீங்க சார்?”

“ஹாரன் அடிக்கிற வரைக்கும் ஐயா” என்றேன், அழாத குறையாக.

அவர் கம்பளியை விலக்கினார். உள்ளே காக்கிச் சட்டை.

“இன்னா சார் நீங்க! நீங்க முடிச்சாதானே நான் போய் ஹாரன் அடிக்கிறது? மலைக்கு வந்த விருந்தாளிய வுட்டுட்டு வண்டி எடுக்கக் கூடாதுன்னு எல்லாரும் உக்காந்துகினு இருக்கோம்!”

கூட்டம் மொத்தமும் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கே கொடுத்தார்கள். மலை இறங்கும்வரை யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.