எட்டு ஸ்பீக்கர்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கீபோர்டின் மேல் சாய்த்துப் போட்டிருக்கிறது. கணவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க, மனைவி அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மவுஸைப் பிடித்திருக்கிறாள். ஹெட்போனின் ஒரு பக்கம் அவள் காதில். வீட்டில் இருப்பது அந்த ஒரே ஹெட்போன்தான். ஆனாலும் சுற்றிலும் எட்டு ஸ்பீக்கர் இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைத்தால்தான், விளையாட்டில் எதிரியின் காலடி எந்தப் பக்கம் கேட்கிறதோ புதிதாக ஏற்றிய ஆப் திரையில் அந்த ஓரத்தில் நீலக்கீற்றை எரியவிடுமாம். வேலையிடத்தில் பாய்லர் வெடித்து இரண்டு காதும் அடியோடு போனதிலிருந்து, மூன்று மாதமாக அவர் தொடாத விளையாட்டு. செட்டிங்கில் ஒரு படம்: நடுவே காலி நாற்காலி, சுற்றி எட்டுப் பெட்டிகள். ஒவ்வொன்றாக அழுத்துகிறாள். அவள் காதில் டிங்கென்று விழும்போதெல்லாம் திரையோரம் நீலம் எரிகிறது. அவர் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறார். கடைசிப் பெட்டியை அழுத்திவிட்டு, “பின்னாடி எரியுதாங்க?” என்று பழக்கதோஷத்தில் அவர் முதுகைப் பார்த்தே கேட்கிறாள். நாக்கைக் கடித்துக்கொண்டு முன்னால் வந்து, வாயை நன்றாக அசைத்து மறுபடி கேட்கிறாள். “எரியுது, எரியுது!” வீடே அதிர்கிறது, தன் குரல் எவ்வளவு பெரிதென்று அவருக்குத் தெரியாது. முகமெல்லாம் சிரிப்பு. திரையின் நான்கு ஓரங்களையும் நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அதே பெரிய குரலில் கேட்கிறார்: “நீ கூப்பிட்டா எந்தப் பக்கம் எரியும்?”